ஊர்ப் பங்கும் அரசு விதியும்: தமிழகத் தொடக்கப் பள்ளிகளின் இரு நூற்றாண்டு

பள்ளிக்கூடம் ஊரை வலுப்படுத்தும் என்பதை மறுப்பவர் இல்லை. எந்த ஊரை என்று கேட்பவர்தான் குறைவு. தமிழகக் கிராமங்கள் பலவற்றில் ஊரும் சேரியும் தனித்தனிக் குடியிருப்புகளாக, தனித்தனிக் கிணறும் சுடுகாடுமாக இருந்துவந்தன. அத்தகைய இடத்தில் ஊரார் சேர்ந்து நடத்தும் பள்ளி, ஊரார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களின் பள்ளியாகவே இருந்திருக்க முடியும். அரசு மட்டுமே நடத்தும் பள்ளிக்கு வேறொரு சிக்கல் உண்டு. அது வருவாய் அலுவலகம்போல ஊருக்குள் இருந்தும் ஊரைச் சேராததாகிவிடும். தமிழகத்தில் தொடக்கப் பள்ளி உள்ளூர்ச் சமூகத்தை மெய்யாகவே வலுப்படுத்திய காலம், செலவில் ஊருக்குப் பங்கும் வாசலைத் திறப்பதில் அரசுக்கு அதிகாரமும் ஒருங்கே இருந்த குறுகிய காலம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு முன்பு இவ்விரண்டில் ஒன்று இல்லாமலிருந்தது. பின்பு மற்றது நழுவியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். அறிக்கைகளைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,84,110 ஆண்பிள்ளைகள், 4,540 பெண்பிள்ளைகள் என்று பதிவாகியிருக்கிறது. பள்ளி வயதுச் சிறுவர்களில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல் பள்ளிக்குப் போவதாகவும், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் அது மூன்றில் ஒன்றை நெருங்குமென்றும் அவர் கணித்தார். இவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அரசுப் பணம் ஒரு காசும் இல்லாமல், பிள்ளைகளின் வீட்டார் தரும் காசிலும் தானியத்திலும் பண்டிகைக் காலக் கொடைகளிலும் அவை நடந்தன. அங்கே சொல்லிக்கொடுத்ததும் ஊருக்குத் தேவையானதுதான். மணலில் எழுத்துப் பழகிய பிள்ளை அடுத்து எண்சுவடிக்குப் போவான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று பணத்தையும் தானியத்தையும் நிலத்தையும் அளக்கும் வாய்பாடுகள் மனப்பாடமாகும். மனப்பாடம் என்றவுடன் இன்றைய வாசகர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போதும் வயலில் குழிக்கணக்குப் போடும்போதும் கைகொடுத்தது அந்த நினைவுப் பயிற்சிதான் என்பதைத் திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு விரிவாகக் காட்டியிருக்கிறார். ஊர்ப் பொருளாதாரத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய பாடத்திட்டம் இங்கு மறுபடி வரவில்லை.

இதையே சான்றாகக் கொண்டு, வெள்ளையர் வருமுன் கல்வி எல்லோருக்கும் கிடைத்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. மன்றோ கால ஆவணங்களைத் தரம்பால் 1983-இல் நூலாக வெளியிட்ட பிறகு இந்த வாதம் வலுப்பெற்றது. அவர் தொகுத்த புள்ளிவிவரங்களை எளிதில் ஒதுக்கவும் முடியாது. தென்னார்க்காட்டுப் பள்ளிகளில் பிராமணரும் பிற இருபிறப்பாளரும் சேர்ந்தே 13 விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள். தமிழ் மாவட்டங்களில் சூத்திரர், பிற சாதியார் என்று குறிக்கப்பட்டவர்களே மிகப் பெரும்பான்மை. கல்வி ஒரே ஒரு சாதியின் உடைமை என்ற பொதுவான எண்ணத்தை இந்த எண்கள் உடைக்கின்றன. ஆனால் அந்தப் பெரும்பான்மையில் நிலமும் வணிகமும் உள்ள குடிகளின் பிள்ளைகள் எத்தனை பேர், சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அந்தத் தலைப்புகள் பிரித்துச் சொல்வதில்லை. திண்ணை ஒரு வீட்டின் முகப்பு. யார் அதில் ஏறலாம் என்பதை வீட்டுக்காரரும் தெருவாரும் முடிவுசெய்தார்கள். 1,84,110-க்கு எதிரே நிற்கும் 4,540 என்ற எண் பெண்களைப் பற்றிய முடிவையும் சொல்லிவிடுகிறது. நெல்லிலக்கம் தெரிந்தவன் அளந்தான்; தெரியாதவன் அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டான். ஊருக்குள்ளிருந்த அந்தப் பிளவைத் திண்ணைப் பள்ளி உண்டாக்கவில்லை என்றாலும், கணக்கறிவை ஒரு பக்கமே வைத்து அதற்கு உரமிட்டது.

அரசின் முதல் முயற்சி எதிர்த் திசையில் தவறியது. மன்றோ 300 தாசில்தாரிப் பள்ளிகளைத் திறக்கத் திட்டமிட்டார். ஊரிலிருந்து எழாத அந்தப் பள்ளிகள் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலே 1830-களில் கைவிடப்பட்டன. 1854-ஆம் ஆண்டுக் கல்வி ஆணைக்குப் பின் வந்த மானிய முறை சற்றுக் கெட்டிக்காரத்தனமானது. இருக்கிற திண்ணைப் பள்ளிகளுக்கே தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுத்து, அச்சிட்ட புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஆய்வாளரையும் அவற்றுக்குள் நுழைத்தது. ஆனால் வாசல் யாருக்குத் திறக்க வேண்டும் என்பதில் அது நெடுங்காலம் தலையிடவில்லை. பஞ்சமர் எனப்பட்ட சேரி மக்களின் கல்விக்கென 1893-இல் அரசு தனி ஆணை பிறப்பித்தபோதும் வழி தனிப் பள்ளிதான். அதற்கடுத்த ஆண்டு கர்னல் ஆல்காட் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளியும், பின்னர் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும் சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொண்டுவந்தன. ஊர்ப் பள்ளியின் வாசலை அவை தொடவில்லை. அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ இருந்த பள்ளியை இடம் மாற்றச் சொன்னால், மானியத்தையே விட்டுவிடத் துணிந்த நிர்வாகங்கள் இருந்தன. 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வி கொண்டுவரவும் அதிகாரம் தந்தது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் உணவு வழங்கத் தீர்மானித்தது. நகரத்தில் விதைத்த இந்த எண்ணம் கிராமத்தைச் சென்றடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தை இந்த வரலாற்றின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். கிராமத் தொடக்கப் பள்ளியில் படிப்பு மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ஆதரித்தவர்கள் சொன்ன காரணம் ஏறக்குறைய உள்ளூர்ச் சமூகத்தை வலுப்படுத்துவதுதான்: படித்தவன் கிராமத்தை விட்டு ஓடாமலிருப்பான், கைத்தொழில் அழியாது, அதே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். கடைசிக் காரணத்தில் நியாயமும் இருந்தது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். கட்சிச் சண்டையின் வேகத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர்களின் அடிப்படைக் கேள்வி நிற்கிறது: இருக்கிற ஊரை இருக்கிறபடியே வலுப்படுத்தினால், சலவைத் தொழிலாளியின் மகன் எங்கே நிற்பான்? 1954-இல் முதலமைச்சரான காமராசர் பதவியேற்ற சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின்வந்த பத்தாண்டுகளில்தான் பங்கும் விதியும் கைகோத்தன. 300 பேர் வசிக்கும் சிற்றூருக்கும் ஒரு தொடக்கப் பள்ளி, நடந்து செல்ல ஒரு மைலுக்குள் என்பது அரசின் விதி. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய மதிய உணவுத் திட்டம் ஊராரின் கொடையிலேயே தொடங்கியது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அரசு செலவில் பங்கேற்றபோது கணக்கு இப்படி அமைந்தது: ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு, அதில் அரசு 6, ஊர் 4. இந்த நாலு காசு வெறும் நிதி ஏற்பாடன்று. நெல்லாகவோ விறகாகவோ காய்கறியாகவோ ஊர் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவர் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று எட்டிப்பார்ப்பார். அரசின் 6 காசோ, பந்தியில் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்ற உரிமையைப் பெற்றுத் தந்தது. 1958 தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை, அதைத் தீர்க்க எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, கரும்பலகை முதல் கட்டடம்வரை யார் எதைத் தருகிறார் என்று மேடையிலேயே அறிவித்தார்கள். இந்த முறை மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. நலிந்த பள்ளியின் குறையை ஊர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு பொறுப்பேற்கும் வழக்கம் அதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சித்திரம் மிகைப்பட்டது என்று சொல்லலாம். அமைச்சரும் ஆட்சியரும் மேடையில் உட்கார்ந்திருக்க, ஆலை முதலாளியும் மிராசுதாரும் அறிவித்த நன்கொடையில் எவ்வளவு மனமுவந்தது, எவ்வளவு நிர்ப்பந்தம்? கட்டடச் சுவரில் பெயர் பொறித்துக்கொண்டவர் ஊரில் தம் செல்வாக்கையும் சேர்த்தே பொறித்துக்கொண்டார். நியாயமான ஐயம்தான். ஆனால் திண்ணைப் பள்ளிக்கும் அதே மிராசுதார்தான் கொடுத்தார். வேறுபாடு, இம்முறை அவர் கொடுத்ததைக்கொண்டு யாரைச் சேர்ப்பது என்று அவர் தீர்மானிக்க இயலவில்லை என்பதில் இருக்கிறது. பழைய மரியாதை ஆசையே புதிய நோக்கத்துக்குப் பணம் திரட்டித் தந்தது என்றால் அதில் குறைசொல்ல என்ன இருக்கிறது? இன்னோர் ஐயம், பிள்ளைகள் சோற்றுக்காக வந்தார்களே தவிர ஊர் ஆதரவால் அல்ல என்பது. சோறுதான் இழுத்தது; மறுக்கத் தேவையில்லை. அந்தச் சோற்றில் நாலு காசு ஊருடையது.

நாலு காசின் பலவீனம் மழை பொய்த்த ஆண்டுகளில் தெரிந்தது. எங்கே ஊர் வறியதோ அங்கேதான் பிள்ளைக்கு உணவு அதிகம் தேவை, அங்கேதான் ஊரால் கொடுக்கவும் முடியாது. உள்ளூர்ப் பங்கைப் போற்றுபவர்கள் இந்த முரணைக் கடந்துபோய்விடுகிறார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது செலவு முழுவதையும் அரசே ஏற்றது அந்த வகையில் சரியான தீர்வு. சமையல் கூடங்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தந்தது ஊருக்குள் ஓர் அரசுச் சம்பளத்தை, அதுவும் பெண் கையில், கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாகியிருந்தார்கள். சம்பளம் ஒழுங்காயிற்று, உள்ளூர்ப் பெரிய மனிதரின் தயவு தேவைப்படவில்லை. இவை எல்லாமே லாபங்கள். நட்டம் மெதுவாகத் தெரிந்தது: கேட்க எதுவும் இல்லாத ஊர் பள்ளிக்குள் எட்டிப்பார்ப்பதை நிறுத்தியது. விதி மட்டும் மிஞ்சியது. அந்த விதிக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதை 2018-இல் திருப்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நடந்தது காட்டும். அங்கே தலித் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று பெற்றோரில் சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரையே இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக்குப் பின் அந்த ஆணை ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று. சமூகப் பங்கேற்பு என்ற பெயரில் அந்தப் பெற்றோர் கையில் முடிவை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பங்கை மறுபடி கொண்டுவர முயன்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். காகிதத்தில் இது கடம்பத்தூர் மேடையைவிட மேலானது. அங்கே பேசியது நிலமும் பணமும் உள்ளவர்கள், இங்கே பிள்ளையின் தாய். ஆனால் இதற்குள் பள்ளியைச் சுற்றியிருந்த ஊர் மாறிவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் காலையில் ஏற்றிச்செல்கிறது. அதே சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கிய 25 விழுக்காடு இடங்கள், மீதமிருந்தோரில் சற்றே முயற்சியுள்ள பெற்றோரையும் அழைத்துக்கொண்டது. அரசுப் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருப்பவர்களில் பலர், கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியை இழப்பவர்கள். மிராசுதார் தம் பணத்தைக் கொடுத்தபோது அவருடைய பேரன் பெரும்பாலும் அதே பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தான். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் கொடை கேட்கிறது. கட்டடத்துக்கும் கழிப்பறைக்கும் அந்தப் பணம் உதவும். கொடுப்பவர்களில் பலர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த வகுப்பறையில் இல்லை.