சோழியும் தாயக்கட்டையும்

1825-ஆம் ஆண்டில், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், ஜான் வாரன் என்னும் அறிஞரின் பொருட்டுத் தரையில் சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாய்பாடுகள் யாவும் அவர் நினைவில் இருந்தன. எண்களுக்குப் பதிலாகச் சோழிகள் நின்றன. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடமே பிசகியது. முன்னர்ச் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்த வாரன், அவ்வாண்டே வெளியான தம் 'கால சங்கலித' நூலில் இச்செய்தியைப் பதிந்து வைத்தார்.

அதே சோழிகளைத்தான் கதிர்காமத்துத் திண்ணைகளிலும் முத்தியால்பேட்டை முற்றங்களிலும் நம் பெண்கள் உள்ளங்கையில் குலுக்கிப் போட்டுத் தாயம் ஆடினர். வரிசையாக அடுக்கினால் வானத்துக் கிரகணம் எப்போது வரும் என்று சொல்லும் சோழி, குலுக்கிப் போட்டால் அடுத்த கணம் எப்படி விழும் என்று சொல்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புதுச்சேரி நன்கு அறியும். வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தி, 1761-இல் இந்நகர் ஆங்கிலேயர் வசமானதால் கடலிலேயே தங்க நேர்ந்தது. எட்டாண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் 4-ஆம் நாள் காலையில் இங்கே தொலைநோக்கியை நிறுத்தினார். கோள் குறித்த வேளையில் வந்தது. மேகமும் வந்து மறைத்தது. கோளின் வரவைக் கணிக்க ஒரு கணக்கு இருந்தது. மேகத்தின் வரவுக்கோ அக்காலத்தில் கணக்கே இல்லை.

அத்தகைய கணக்கைத்தான் இன்று நிகழ்தகவு என்று பள்ளியில் கற்பிக்கிறோம். பாடநூல்கள் நாணயத்தைச் சுண்டச் சொல்கின்றன. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டை அதனினும் நல்ல ஆசிரியர் என்பது என் எண்ணம். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமை. இரு கட்டைகளை உருட்டினால் அவை விழக்கூடிய வகைகள் பதினாறு. தாயம், அதாவது ஒன்று, இரண்டு வகையில் விழும். மூன்று நான்கு வகையில் விழும். ஆறும், இரண்டும் வெறுமையாய் விழும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையில் மட்டுமே. பல வீடுகளில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு உருட்டல் உண்டு. இவற்றைக் கூட்டினால் பதினாறில் ஆறு. அடிக்கடி விழும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நான்குக்கும் அச்சலுகை இல்லை. விதி வகுத்த முன்னோர் எண்ணித்தான் வகுத்தார்களோ, ஆடி ஆடி அறிந்தார்களோ!

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பது சராசரி. ஆயினும் எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் தம்மைத் துரதிர்ஷ்டசாலி என்று நொந்துகொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் கட்டையை மாற்றச் சொல்கிறார். சிறுவரை நூறு முறை உருட்டச் செய்து கரிக்கோடு போட்டு எண்ணச் சொன்னால், இந்த நொந்துகொள்ளல் எவ்வளவு சாதாரண நிகழ்ச்சி என்பது புலப்படும். அடுத்துச் சோழிகளைக் கொடுக்கலாம். கட்டையின் பக்கங்கள் ஒத்தவை. ஆகவே உருட்டாமலே கணக்கிடலாம். சோழியின் முதுகும் வாயும் ஒத்தவையல்ல. அது எத்தனைக்கு எத்தனை மல்லாந்து விழும் என்பதைப் போட்டுப் பார்த்து எண்ணினாலன்றி அறிய இயலாது.

திருச்சபையின் வரலாற்றிலும் பகடைக்கு ஓர் இடம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கம்ப்ரே நகரத்து ஆயர் விபோல்டு, சூதாடும் குருக்களைத் திருத்த வேண்டிப் புதியதோர் ஆட்டம் வகுத்தார். மூன்று பகடைகள் காட்டக்கூடிய ஐம்பத்தாறு சேர்க்கைகளுக்கு ஐம்பத்தாறு நற்பண்புகளைப் பொருத்தினார்; விழுந்த பண்பைப் பெற்றவர் அதைக் கடைப்பிடித்தல் வேண்டும். எண்ணிக்கை சரியே. ஆனால் அந்த ஐம்பத்தாறும் சம வாய்ப்புடையவை அல்ல. மூன்று பகடையிலும் ஒன்று விழுவது 216-இல் ஒருமுறை; ஒன்று, இரண்டு, மூன்று எனக் கலந்து விழுவது 216-இல் ஆறு முறை. சில பண்புகள் அரிதாகவே கிட்டின என்று சொல்லலாம்!

பிரான்சிஸ்கன் துறவியான லூக்கா பச்சோலி 1494-இல் தம் நூலில் ஒரு வினாவை எடுத்துக்கொண்டார்: ஆட்டம் பாதியில் நின்றால் பந்தயப் பணத்தை எவ்வாறு பிரிப்பது? இதுவரை வென்ற விகிதத்தில் என்றார் அவர். 1654-இல் பிளேஸ் பாஸ்கல், பெர்மாவுடன் கடிதம் பரிமாறி வேறு விடை கண்டார். மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசு. ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றுள்ளனர். அடுத்த ஆட்டத்தில் முன்னவர் வென்றால் 64-ம் அவருக்கே. தோற்றாலும் இருவரும் சமநிலையாவதால் 32 அவருக்கு உறுதி. எஞ்சிய 32-இல் வாய்ப்பு சரிபாதி, ஆகவே 16. மொத்தம் அவருக்கு 48, மற்றவருக்கு 16. நடந்ததை எண்ணாமல், இனி நடக்கக்கூடியதை எண்ணுவதே அவர் செய்த மாற்றம். அவ்வாண்டு நவம்பர் 23 இரவு பாஸ்கல் பெற்ற இறையனுபவம் அவர் வாழ்வை மாற்றியது. அவர் பிறந்து நானூறு ஆண்டுகள் நிறைந்த 2023-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூதுமடல் ஒன்று வெளியிட்டார்.

கட்டையையும் சோழியையும் பிள்ளைகளின் கையில் கொடுப்பது சூதுக்கு வழிகாட்டாதா என்று நல்ல பெற்றோர் கேட்பர். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ (எண் 2413) வாய்ப்பு விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்றும், வாழ்வுக்குத் தேவையானதைப் பறிக்கும்போதே அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன என்றும் வேறுபடுத்துகிறது. அப்பறிப்பை நாம் கண்டிருக்கிறோம். தமிழகம் 2003-இல் லாட்டரியைத் தடைசெய்தது; பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடுவண் அரசு 2025-இல் சட்டத்தால் தடுத்தது. ஆறு இலக்க லாட்டரி எண்கள் பத்து இலட்சம். நாள்தோறும் ஒரு சீட்டாக முப்பது ஆண்டுகள் வாங்கினாலும் முதல் பரிசு கிட்டும் வாய்ப்பு நூறில் ஒன்றைச் சற்றே தாண்டும். 'பத்து நாளாக விழவில்லை, இன்று விழுந்தே தீரும்' என்று கூலிப்பணத்தை நீட்டியவருக்கு, கட்டைக்கு நினைவில்லை என்று யாரும் சிறுவயதில் உருட்டிக் காட்டவில்லை.

பகடையில் நாடிழந்த நளன் கதையில், தேரோட்டியாய் வந்த அவனிடம் இருதுபன்னன் வழியிலிருந்த தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்வையாலே எண்ணிச் சொல்கிறான். தான்றிக் காய்களே அந்நாளில் பகடையாய் உருண்டவை. மன்னன் அவசரப்படுத்தியும் நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, காய்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தான். கணக்கு சரியாக இருந்தது. அதன் பின்னரே அந்த வித்தையைக் கற்றுத் தரும்படி கேட்டான்.