கழலையும் உப்பும்: குன்னூர் வழியாக ஒரு வரலாறு

தைராய்டுச் செல்களின் வளர்ச்சிக்குக் கடிவாளம் அயோடின். அது குறைந்தால் சுரப்பி பருத்து முன்கழுத்துக் கழலையாகிறது. இதை இந்தியா உணர்ந்து ஏற்ற கதையில் நீலகிரியின் குன்னூருக்குப் பெரிய இடம் உண்டு.

1811-இல் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டார். 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். அது தைராய்டிலேயே இருப்பதை 1890-களில் பாவ்மான் காட்டினார். ஆயினும் கழலைக்கு எது காரணம் என்ற ஐயம் தீரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கிட்டில் பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன், ஒரே ஓடையை நம்பியிருந்த எட்டு ஊர்களில் கீழே போகப் போகக் கழலை கூடுவதைக் கவனித்தார். வடிகட்டிய தண்ணீரின் கசடைத் தாமும் குடித்து, பிறருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்கவைத்த கசடைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. கிருமிதான் காரணம் என்று அவர் முடிவுகட்டியது அந்தச் சான்றுகளுக்குப் பொருந்தியதே. பிறகு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் தொடங்கிய அவரது ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அங்கே 1930-களில் முட்டைக்கோஸ், சோயா, நிலக்கடலை போன்றவை விலங்குகளின் தைராய்டைப் பருக்கச் செய்வதையும் ஆராய்ந்தார்.

1940-களின் இறுதியில் அதே ஆய்வகத்தில் சேர்ந்தவர் வி. ராமலிங்கசுவாமி. 1956-இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், சுமார் ஒரு லட்சம் பேரை மூன்று பகுதிகளாகப் பிரித்து அவரது குழு ஆய்வைத் தொடங்கியது. ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, ஒன்றுக்கு அயோடேட் கலந்தது, நடுவில் ஒன்றுக்கு வெறும் உப்பு. ஆறு ஆண்டுகளில் முதல் இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெறும் உப்பு சென்ற இடத்தில் குறையவேயில்லை. இந்தியப் பொதுநல வரலாற்றில் இவ்வளவு தெளிவான விடை தந்த ஆய்வுகள் அரிது.

கழலை எப்படி உருவாகிறது? அயோடின் குறைந்தால் தைராய்டு ஹார்மோன் குறைகிறது, பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச் ஹார்மோனைக் கூட்டுகிறது, அதன் தூண்டலில் செல்கள் பருத்துப் பெருகுகின்றன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அயோடினே செல்லின் வளர்ச்சியை நேரடியாகவும் தடுக்கிறது. செல்லில் அயோடின் பிணைவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் இந்தத் தடை மறைந்துவிடுகிறது. ஆகவே தடுப்பது வெறும் அயோடைடு அல்ல, கரிமச் சேர்மமாக மாறிய அயோடின்தான் என்று ஆய்வாளர்கள் கருதினர். செல்சவ்வின் கொழுப்புகளோடு அயோடின் சேர்ந்து உருவாகும் அயோடோலாக்டோன், அயோடோஹெக்சாடெகனால் ஆகியவை அவர்களின் சந்தேகத்துக்கு உரியவை. புவனோஸ் ஐரிஸில் பிசாரேவும் மியூனிக்கில் கார்ட்னரும் 1980-90-களில் இவற்றை ஆராய்ந்தனர்.

காங்ரா ஆய்வை அடுத்து, 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ஈர உப்பில் அயோடைடு எளிதில் கெட்டுக் கசிந்துபோகும், அயோடேட் நிலைக்கும். அதனால் இந்தியா அயோடேட்டையே கொண்டது. தூத்துக்குடி உப்பளங்களின் கல் உப்பு மீதும் அயோடேட் கரைசல் தெளிக்கப்படலாயிற்று. 1997-இல் அயோடின் கலக்காத உப்பை மனித உணவுக்கு விற்கத் தடை வந்தது. 2000-இல் விலக்கப்பட்டு, 2006 மே மாதத்தில் திரும்ப வந்தது. உற்பத்தியின்போது பத்து லட்சத்தில் குறைந்தது 30 பங்கு, கடைக்கு வரும்போது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வழியில் ஆகும் இழப்பை எண்ணித்தான் இந்த இடைவெளி.