ஒரே பாட்டு, வேறு வயது: ராக் கலைஞர்களும் காவிரிக்கரை வித்வான்களும்

எரிக் கிளாப்டன் 'லைலா' பாடலை முதலில் பதிவு செய்தது 1970-ல். அப்போது அவருக்கு வயது 25. எலெக்ட்ரிக் கிதார் அலறும், ஆவேசமான பாட்டு அது. 1992-ல் 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சியில் அதே பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து, சாதாரண கிதாரை வைத்துக்கொண்டு, வேகம் குறைத்துப் பாடினார். ஒரு கணம் பார்வையாளர்களுக்கே அது எந்தப் பாட்டு என்று புரியவில்லை. புரிந்ததும் எழுந்த கைதட்டலைப் பதிவில் இன்றும் கேட்கலாம்.

ஜோனி மிட்செல் 'போத் சைட்ஸ் நவ்' பாடலை 1969-ல் தன் ஆல்பத்தில் பாடியபோது அவருக்கும் வயது 25 தான். வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டதாகச் சொல்லும் பாட்டை இவ்வளவு சின்ன வயதில் பாடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டில், 56 வயதில், பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு அதையே மறுபடி பாடினார். குரல் கனத்து, பல படி கீழே இறங்கியிருந்தது. ஆனால் அந்தப் பாட்டின் அர்த்தம் இப்போதுதான் முழுதாக வந்து சேர்ந்தது என்று பலரும் எழுதினார்கள். 2023-ல் யூ டூ குழுவினர் தங்கள் பழைய பாடல்களில் 40-ஐ எடுத்து, வேகம் குறைத்து, சத்தம் குறைத்து ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள்.

வயதான கலைஞர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? மூன்று காரணங்கள் சொல்லலாம். ஒன்று, குரல் மாறிவிடுகிறது. பழைய உச்சத்தை எட்ட முடியாது. இரண்டு, பாட்டைப் பற்றி அவர்கள் நினைப்பது மாறிவிடுகிறது. மூன்று, காசு! இளையவரான டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்களை மறுபடி பதிவு செய்ததற்குக் காரணம், மூலப் பதிவுகளின் உரிமை வேறு ஆட்கள் கையில் இருந்ததுதான். (2025-ல் அவற்றை அவரே வாங்கிவிட்டார்.)

எப்படியிருந்தாலும் மேலை நாட்டில் இது ஒரு செய்தி. "பழைய பாட்டை மாற்றிப் பாடிவிட்டார்" என்று தலைப்பு போட்டு எழுதுகிறார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்.

ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் 200 வருடமாக இதுதான் நடைமுறை. ஒரு பாட்டை ஒருமுறை பாடியதுபோலவே மறுமுறையும் பாடினால்தான் அங்கே ஆச்சரியப்படுவார்கள்!

திருவையாற்றில் தொடங்கியது

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தவர். வாழ்ந்ததும் 1847-ல் மறைந்ததும் காவிரிக்கரையில், திருவையாற்றில். அவருடைய கீர்த்தனைகளில் 'சங்கதி' என்று ஒன்று உண்டு. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் மெட்டு கொஞ்சம் விரியும். முதல் தடவை வெறும் கோடாக இருக்கும் வரி, நான்காவது ஐந்தாவது தடவையில் முழு ஓவியமாகிவிடும். சங்கதி என்பதை இவ்வளவு விரிவாகக் கையாண்டு கீர்த்தனையின் அங்கமாகவே ஆக்கிய பெருமை அவருக்குத்தான் தரப்படுகிறது. அதாவது, பாட்டை மாற்றிப் பார்ப்பது என்ற வேலையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அவருடைய சீடர்கள் வழியில் மூன்று பெரிய பரம்பரைகள் உண்டு: உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை. உமையாள்புரமும் தில்லைஸ்தானமும் டெல்டாவிலேயே இருக்கும் ஊர்கள். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரும் தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டையில் வாழ்ந்தவர்தான். மூன்று வழியிலும் ஒரே கீர்த்தனை வேறு வேறு சங்கதிகளோடு பாடப்படுகிறது. எது 'ஒரிஜினல்'? அந்தக் கேள்வியே சரியில்லை. குரு ஏறக்குறைய 80 வயது வாழ்ந்தவர். சீடர்கள் வேறு வேறு காலத்தில் வந்து கற்றவர்கள். சீடர்களுக்குப் பின்னால் வந்த மகா வைத்தியநாத அய்யர் (1844–1893), பட்டணம் சுப்பிரமணிய அய்யர் (1845–1902) போன்ற மேதைகளும் தங்கள் பங்குக்குப் பாட்டை மெருகேற்றினார்கள். 'சக்கனி ராஜ' கீர்த்தனையின் பல்லவியை இன்று மேடையில் கேட்டால், அதில் பல தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது.

இதெல்லாம் ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு. பிறகு கிராமபோன் வந்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி

திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் திருமருகலில் பிறந்தார். நாதஸ்வரச் சக்ரவர்த்தி என்று பெயர் எடுத்தவர். 1940-ல் 'காளமேகம்' என்ற படத்தில் நடிக்கவும் செய்தார். ராக் கலைஞர்களுக்கு ஒரு 'ஹிட்' பாட்டு இருப்பதுபோல இவருக்குத் தோடி ராகம். தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி.

இந்தத் தோடிக்காக அவர் வாத்தியத்தையே மாற்றினார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் புழங்கியது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது. கோயில் வீதியில் தூரத்துக்குக் கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்யமத்தைச் சரியான இடத்தில் பிடிப்பது பெரும்பாடு. சுத்த மத்யமம் இல்லாமல் தோடி ஏது? ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து முயன்று, நீளமான, சுருதி குறைந்த பாரி நாயனத்தை உருவாக்கினார்கள். அதில் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசியது. இன்று கச்சேரிகளில் நாம் கேட்கும் நாதஸ்வரம் இதுதான். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் இந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கிளாப்டன் எலெக்ட்ரிக் கிதாரை வைத்துவிட்டுச் சாதா கிதாரை எடுத்தார் என்றோம். இவர் தனக்கு வேண்டிய வாத்தியத்தைச் செய்யவே வைத்தார்!

சுவாமி புறப்பாட்டின்போது அவர் மணிக்கணக்கில் தோடி வாசிப்பார் என்று கேட்டவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ராத்திரியும் புதுத் தோடி. ஆனால் 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது சுமார் மூன்றரை நிமிடம். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏழு நிமிடம்கூட வராது. மணிக்கணக்கில் ஓடிய ஆற்றை ஒரு சொம்பில் பிடித்த மாதிரி. அந்தச் சொம்புத் தண்ணீர்தான் ஊர் ஊராகப் போனது. அவரை நேரில் பார்க்காத ஆயிரக்கணக்கானவர்களுக்கு 'ராஜரத்தினம் தோடி' என்றால் அந்தத் தட்டுதான்.

1956 டிசம்பரில் அவர் மறைந்தார். தட்டுகளும் சில வானொலிப் பதிவுகளும் மிஞ்சின. வீதிகளில் வாசித்த தோடிகள் கேட்டவர்களோடு போய்விட்டன.

சட்டம் யாருக்குக் காவல்?

இங்கே கொஞ்சம் கணக்கு வழக்கு பார்க்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. இந்தச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடப் பாதுகாப்பு. அந்த உரிமை பொதுவாகப் பதிவைத் தயாரித்த நிறுவனத்துக்கு. பாடியவர், வாசித்தவர் ஆகியோருக்கென்று தனியாக 'நிகழ்த்துவோர் உரிமை' என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் சேர்ந்தது 1994-ல்! பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்களுடைய ராயல்டி பங்கை உறுதி செய்த திருத்தம் 2012-ல்.

ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் தட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. தட்டில் இருக்கும் மூச்சுக்குச் சொந்தக்காரர் சட்டப்படி யாரும் இல்லை. கீர்த்தனை என்றால் இயற்றியவர் பெயராவது இருக்கும். ராக ஆலாபனையை அந்த நிமிடத்தில் உண்டாக்குகிறவர் வாசிப்பவரே. அப்படியானால் ஒரு வித்வானின் உண்மையான சொத்து எது? நாளைக்கு வேறு மாதிரி வாசிக்க முடியும் என்ற திறமை ஒன்றுதான். அதை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

வயதான குரல் செய்த வேலை

திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் என்ற வயலின் மேதை 1913-ல் மறைந்தார். ராஜரத்தினம் பிள்ளை இளமையில் இவரிடம் கற்றவர். இவருடைய மருமகன்தான் (சகோதரி மகன்) செம்மங்குடி சீனிவாசய்யர். 1908-ல் பிறந்து 2003-ல் மறைந்தவர், 95 வயது. 1947-ல் 39 வயதிலேயே சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார்.

செம்மங்குடிக்கு இயற்கையிலேயே இனிமையான குரல் கிடையாது. கரடுமுரடான குரலை அசுர சாதகம் செய்து வழிக்குக் கொண்டுவந்தவர் என்பது சங்கீத உலகம் அறிந்த கதை. அதனாலோ என்னவோ, 80 வயதைத் தாண்டிய பிறகும் மேடை ஏறியபோது அவருக்குக் குரல் போய்விட்டதே என்ற கவலை பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. குரலோடு மல்லுக்கட்டுவது அவருக்கு 15 வயதிலிருந்தே பழக்கம்! எட்ட முடியாத இடத்தைச் சீடர்கள் பின்னாலிருந்து பாடினார்கள். அவர் முக்கியமான பிடிகளை மட்டும் போட்டுக் காட்டினார். அவருடைய நடுவயதுக் கரகரப்ரியாவையும் முதுமைக் கரகரப்ரியாவையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். பின்னதில் ஸ்வரங்கள் குறைவு. ஆனால் ராகம் குறையவில்லை.

ஜி.என்.பாலசுப்பிரமணியம் கதை இதற்கு நேர்மாறு. 1910-ல் மாயவரம் பக்கத்துக் கூடலூரில் பிறந்த ஜி.என்.பி.க்கு மின்னல் வேகப் பிருகா. அந்த வேகத்துக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம். சினிமாவிலும் நடித்தார், 1940-ல் 'சகுந்தலை'யில் எம்.எஸ். அவர்களுக்கு ஜோடி. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் நிதானத்தை நோக்கி நகர்ந்தார். அழுத்தம் கூடியது, வேகம் குறைந்தது. பழைய ஜி.என்.பி.யைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம். 1965-ல் 55 வயதில் அவர் மறைந்துவிட்டதால், அந்தப் பாதை எங்கே போய் முடிந்திருக்கும் என்று பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வந்தது? இசைத்தட்டிலிருந்துதான். தியாகராஜரின் சீடர்களுக்குக் குருவின் 30 வயதுப் பாட்டையும் 70 வயதுப் பாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஜி.என்.பி.யின் ரசிகர்களுக்கு வழி இருந்தது. தட்டில் இருக்கும் இளைஞர், மேடையில் இருக்கும் மனிதருக்குப் போட்டியாளர் ஆகிவிட்டார்.

எல்லாரும் ஒன்றாகப் பாடினால்...

எல்லாமே மாறிக்கொண்டே இருந்தால் பாட்டு என்ன ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் திருவையாற்றிலேயே இருக்கிறது. தை மாத பகுள பஞ்சமி அன்று தியாகராஜர் சமாதி முன்னால் நூற்றுக்கணக்கான வித்வான்கள் உட்கார்ந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுகிறார்கள். இது 1940-களில் நிலைபெற்ற வழக்கம். அத்தனை பேர் சேர்ந்து பாட வேண்டுமானால் பாடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அங்கே யாரும் தன் புதுச் சங்கதியை நுழைக்க முடியாது. நுழைக்கவும் மாட்டார்கள்.

அதே வித்வான்கள் அன்றைக்கே தனியாகப் பாடும்போது அவரவர் பாணி, அவரவர் வழி. சேர்ந்து பாடுவதற்கு ஒரு வடிவம், தனியே பாடுவதற்கு ஒரு சுதந்திரம். குறுவை போட்ட வயலிலேயே தாளடி நடுவது டெல்டாவில் யாருக்கும் விசித்திரமாகப் படாது. பட்டம் மாறினால் விதையும் மாறும், வயல் மாறாது. சங்கீதத்தையும் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் நடத்தினார்கள்.

இன்றைய மெல்லிசைக் கச்சேரிகளில் பாடகர் ஒரு இடத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் "கேசட்ல இப்படி இல்லையே!" என்று முகம் சுளிக்கிறோம். 40 வருடத்துக்கு முன்னால் ஸ்டூடியோவில் ஒரு மதிய நேரத்தில் பாடியதை, 70 வயதில், அதே தொண்டையோடு, அதே மூச்சோடு திருப்பித் தரச் சொல்கிறோம். அது கலைஞரிடம் கேட்கிற விஷயமா, டேப் ரெக்கார்டரிடம் கேட்கிற விஷயமா?

பதிவுகள் வேண்டாம் என்பதல்ல. அந்த ஏழு நிமிடத் தட்டு இல்லையென்றால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் நமக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் அதை ஆறு என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த முறை ஒரு வயதான பாடகர் தன் பிரபலமான பாட்டை மெதுவாக, சுருதி இறக்கி, நமக்குப் பழக்கமில்லாத மாதிரி ஆரம்பித்தால், முதல் சரணம் முடியும் வரையாவது பொறுத்துக் கேட்கலாம். அவர் அந்தப் பாட்டோடு நம்மைவிட அதிக வருடம் வாழ்ந்தவர். இளமையில் தெரியாத ஏதோ ஒன்று அதில் இப்போது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.