அறிவிக்கப்படாத பண்புகள்: பிஎச்பி மொழியில் ஒரு சலுகையின் முடிவும் பழைய நிரல்களின் உரிமையும்

வலைத்தளங்களின் பின்புலத்தில் மிகப் பரவலாக இயங்கும் மொழிகளுள் ஒன்றான பிஎச்பி, ஒரு வகுப்பில் அறிவிக்கப்படாத பண்புக்கு நிரலர் எவ்விடத்தில் மதிப்பளித்தாலும் அப்பண்பை அக்கணமே படைத்துக் கொடுக்கும் சுதந்திரத்தை நெடுங்காலமாக அனுமதித்து வந்தது. 2022 டிசம்பர் 8 அன்று வெளிவந்த அதன் 8.2ஆம் பதிப்போ, அம்மொழியின் உருவாக்குநர்களுள் ஒருவரான நிக்கிதா போபோவ் 2021இல் முன்வைத்த பிரேரணையை ஏற்று, இச்சலுகை கைவிடப்படுகிறது என்னும் எச்சரிக்கையை விடுக்கத் தொடங்கிற்று. 9.0ஆம் பதிப்பில் இது எச்சரிக்கை என்ற நிலையைக் கடந்து பிழையாகவே ஆக வேண்டும் என்பது அப்பிரேரணையின் நோக்கம். மாற்றம் அவசியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், பழைய நிரல்களைக் காப்பதற்கென்று இன்று கைக்கொள்ளப்படும் உபாயங்களுள் எது மிக எளிதோ அதுவே மாற்றத்தின் பிரயோஜனத்தை அடியோடு அழித்துவிடுகிறது என்பதே என் வாதம்.

பழைய சுதந்திரத்தின் தீங்கை ஓர் எழுத்தளவில் காணலாம். பிஎச்பி தன் பெயர்களில் தமிழெழுத்தையும் ஏற்கும் மொழி. பயனர் என்ற வகுப்பில் ‘மின்னஞ்சல்’ என்ற பண்பை முறைப்படி அறிவித்துவிட்டு, வேறொரு கோப்பில் புதிய முகவரியை இடும்போது ஞகரத்தின் மேற்புள்ளி விட்டுப்போய் ‘மின்னஞசல்’ என்று ஒருவர் எழுதிவிட்டால், மொழி யாதொரு ஆட்சேபமும் இன்றி இரண்டாவதாக ஒரு பண்பைப் படைத்து முகவரியை அதில் வைத்துக்கொள்ளும்; தரவுத்தளத்தில் சேமிக்கும் பகுதியோ முதற்பண்பைப் படித்துப் பழைய முகவரியையே மீண்டும் எழுதும்; பயனருக்கு ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியும் போய்ச் சேரும். தவறு நேர்ந்தது ஓரிடம், அதன் விளைவு தலைகாட்டுவது பிறிதோரிடம். நடுவில் அதைச் சுட்டிக்காட்ட எவரும் இல்லை.

8.2ஆம் பதிப்பு தன் எச்சரிக்கைக்குத் தரும் விலக்குகளுள் பிரதானமானது, வகுப்பின் தலையில் எழுதும் அனுமதிக் குறி. அக்குறியின் தொடக்கமாகிய # என்ற எழுத்தை 7ஆம் பதிப்புகள் வெறும் கருத்துரையின் தொடக்கமாகவே கொண்டு அவ்வரியைத் தாண்டிச் செல்வதால், ஒரே கோப்பு பழைய வழங்கியிலும் புதிய வழங்கியிலும் பழுதின்றி இயங்குகிறது. இணக்கத்தைப் பேணும் கலையில் இது மெச்சத்தக்க நுட்பம். ஆனால் அக்குறி தாய் வகுப்பிலிருந்து சேய் வகுப்புகளுக்கும் இறங்கும் இயல்புடையது. பலரும் நீட்டித்துப் பயன்படுத்தும் ஓர் அடிப்படை வகுப்பின் மீது அதை இட்டுவிட்டால், அதன் வழியில் எழுதப்பட்ட வகுப்புகள் அனைத்திலும், இனி எழுதப்படப்போகும் வகுப்புகளிலுங்கூட, எச்சரிக்கை அடங்கிப்போகும். மேற்சொன்ன புள்ளிப் பிழையும் பழையபடி மறைந்து வாழும்.

பிஎச்பியில் எழுதப்பட்ட வலைத்தள மென்பொருளாகிய வேர்ட்பிரஸின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்கு நல்ல சாட்சி. அதன் மேலாண்மைப் பக்கங்களில் பதிவுகளையும் பயனர்களையும் அட்டவணையாகக் காட்டும் வகுப்பைச் செருகுநிரல் ஆசிரியர்கள் எண்ணற்றோர் நீட்டித்து வந்தனர். 2014இல் வந்த 4.0ஆம் பதிப்பு, வெளியார் கைக்கு எட்டாதவாறு அடைக்கப்பட்ட பண்புகளைப் பழைய செருகுநிரல்கள் தொடர்ந்து அணுகும்பொருட்டு, எட்டாத பண்பைத் தொடும்போது தாமே இயங்கும் மாயச் செயற்கூறுகளைச் சேர்த்தது. பின்னர் அவை ஒரு குறித்த பெயர்ப்பட்டியலுக்குள் அடக்கப்பட்டன. பட்டியலில் இல்லாத பெயருக்கு அளிக்கப்பட்ட மதிப்போ, ஒரு சொல்லும் சொல்லப்படாமல் தள்ளப்பட்டது. மாயச் செயற்கூறு உள்ள வகுப்பில் மொழியும் வாய் திறவாது என்பதால், 8.2 வந்த பின்னரும் அந்த மௌனம் கலையவில்லை. 2023 நவம்பரில் வெளிவந்த 6.4ஆம் பதிப்புதான், பட்டியலில் உள்ள பெயர்களை முன்போல் அனுமதித்து, மற்றவற்றிற்கு ‘வகுப்பிலேயே அறிவியுங்கள்’ என்ற எச்சரிக்கையை, பிழைதிருத்த நிலை இயங்கும்போது மட்டும், விடுத்தது. பின்னோக்கிய இணக்கம் என்பதன் சரியான சொரூபம் இதுவே என்பேன்: ஏற்கெனவே வாக்குக் கொடுக்கப்பட்ட பெயர்கள் எவையோ அவை எழுத்தில் நிற்க வேண்டும், புதிய பெயருக்கு அந்த வாசல் திறக்கலாகாது.

எச்சரிக்கையே தளத்தை முடக்கிவிடுகிறதே என்ற ஆட்சேபம் வெறும் சாக்கு அன்று. பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பு இயங்கும் வழங்கியில், தலைப்புத் தகவல்கள் புறப்படுவதற்கு முன்பே எச்சரிக்கை வரி வெளிப்பட்டுவிட்டால், குக்கிகள் செல்லாமல் உள்நுழைவே தடைப்படலாம். ஜேசன் வடிவில் செல்லும் விடையும் சிதையலாம். ஆகவே பயன்பாட்டில் உள்ள தளத்தில் அவ்வரிகள் பதிவேட்டுக்கே போக வேண்டும்; ஆனால் பதிவேட்டுக்குப் போகாமலும் அடக்கிவிடுவதற்கு இது நியாயமாகாது. அனுமதிக் குறி தவிர்க்க இயலாத இடங்களில் அதைக் கடைசிச் சேய் வகுப்பில் மட்டும் இட்டு, எப்பதிப்பில் நீக்கப்படும் என்பதையும் அருகிலேயே எழுதி வைப்பது குறைந்தபட்ச நேர்மை.

எஞ்சுவது, பிறர் எழுதிய வகுப்பின் பொருளில் தன் தகவலை ஒட்டிவைக்கும் வழக்கம். அதற்கு 8.0ஆம் பதிப்பு முதலே பலவீனச் சுட்டு வரைபடம் மொழியில் உண்டு: பொருளைத் தொடாமல் தகவல் வெளியே நிற்கும், பொருள் அழியும்போது தகவலும் அழியும். 7ஆம் பதிப்பையும் ஆதரிக்க வேண்டிய செருகுநிரலுக்கு அவ்வசதி இல்லை. அங்கே பொருட்சேமிப்பு வகுப்பைக் கையாளலாம், ஆனால் அது பொருளை இறுகப் பற்றிக்கொள்வதால், வேலை முடிந்ததும் நிரலரே நினைவாக அதை விடுவிக்க வேண்டும்.