காவஸ்ஜியின் மூக்கும் பூனையின் கன்னமும்

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் கார் செய்கிற ஊர்கள். மழைநாளில் எஞ்சின் சூட்டைத் தேடிப் பூனை பானெட்டுக்குள் ஏறிப் படுத்துக்கும். யாராவது சாவியைத் திருப்பினால், ஃபேனும் பெல்ட்டும் முகத்தோலைக் கிழிச்சிடும். வெள்ளைப் பூனைகளுக்கு வெயிலால் மூக்கிலும் காதிலும் புற்றுநோய் வரும். அதை வெட்டி எடுத்தாலும் இதே சிக்கல்தான். கழுத்தில் தொளதொளவென்று தோல் கிடக்கு, முகத்தில் இழுத்துத் தைக்க இடமில்லை.

கழுத்துத் தோலைக் கொண்டு வரலாம். ஆனால் அதுக்கு ரத்தம்?

இதுக்கு ஒரு பழைய பதில் மைசூர்ப் போர்க்காலத்திலிருந்து வருது. 1780ல் பக்கத்துப் புள்ளலூரில் ஆங்கிலேயப் படையைத் தோற்கடிச்சாங்களே, அதே ஹைதர், திப்பு காலம்தான். பின்னாடி 1792 போரில், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டின காவஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே பக்கத்தில் செங்கல் செய்கிற சாதிக்காரர் ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் அளவெடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடு போட்டுத் தோலை உரித்தார். முழுசா அறுக்கலை, கவனிங்க. இரண்டு கண்ணுக்கும் நடுவே சின்னக் காம்பு ஒண்ணை விட்டுவைத்தார். ரத்தம் அது வழியா வந்துகொண்டே இருக்கும். தோலைத் திருப்பி மூக்கில் வைத்து, தையல் போடாமல், வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியைத் துணியில் தடவி ஒட்டினார். நாலு நாள் கழித்து நெய்த்துணி. சுமார் 25ஆம் நாள்தான் காம்பை அறுத்தார்.

1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதைப் படத்தோடு போட்டது. 1814ல் ஜோசப் கார்ப்பூ லண்டனிலேயே இந்த முறையில் ஆபரேஷன் செய்தார். நோயாளி பெயர் பதிவாகியிருக்கு, பார்த்த ஆங்கில டாக்டர்கள் பெயரும் இருக்கு. கத்தி பிடிச்சவருக்குச் சாதி மட்டும்தான், பெயர் இல்லை. சுஸ்ருதரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாமும் இவரைத் தேடுறதில்லை.

1981ல் மைக்கேல் பாவ்லெட்டிக் நாய்த்தோலில் இன்னின்ன ரத்தக்குழாயை நம்பி இவ்வளவு தோலை எடுக்கலாம் என்று எழுதினார். பூனைக்கு இப்போ காதுக்குப் பின்னால் இருக்கிற ரத்தக்குழாய்தான் காம்பு. அதோடு கழுத்துத் தோலை நீளமா எடுத்து, கண்ணோரத்துக்கோ கன்னத்துக்கோ திருப்பித் தைக்கிறாங்க. முடி மட்டும் அந்த இடத்தில் வேறு திசையில் வளரும்.

காவஸ்ஜி போன்றவர்களை ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்க வைத்தாங்க. பூனை படுக்குமா? கழுத்தில் கூம்பு மாட்டி, கால் நகம் தையலில் படாமல் பார்த்துக்கணும்.