ஓடாத வண்டியும் உறங்காத திராவகமும்

செங்கற்பட்டு ஜில்லா என்றதும் ஏரிகளையும் பாலாற்று மணலையும் பல்லவர் குடைந்த பாறைகளையும் நினைத்துப் பழகிவிட்ட நமக்கு, அந்தப் பழைய ஜில்லாவின் வடகோடியில் சோழவரம் என்ற ஊரில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது போடப்பட்டு, யுத்தம் ஓய்ந்தபின் வெயிலுக்கும் ஆடுமாடுகளுக்கும் விடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்று கிடந்ததும், அதுவே பின்னர் தென்னிந்திய மோட்டார்ப் பந்தயங்களுக்கெல்லாம் தாய்வீடாக விளங்கியதும் எளிதில் ஞாபகத்துக்கு வருவதில்லை. 1953-இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றி, பந்தயம் சோழவரத்தில் வேரூன்றி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஒரு பாதை அமையும் வரையில், எம்.ஜி. என்றும் ஜாகுவார் என்றும் பெயர் சொல்லி ஜனங்கள் வேலியோரம் நின்று வியந்த வண்டிகள் அங்கே சீறிப் பாய்ந்தன. 1997-இல் ஜில்லா இரண்டாகப் பிரிந்து சோழவரம் திருவள்ளூரோடு போயிற்று. 2019 நவம்பரில் செங்கற்பட்டு மறுபடியும் தனி ஜில்லாவாகத் தலையெடுத்தபோது, அதன் பங்குக்கு வந்தது தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள தொழிற்சாலைச் சாலையும், கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினத்துக்கும் அப்பால் நீளும் கடற்கரையும்தான்.

அந்த வண்டிகளின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. எனக்கோ, அவை ஓடாமல் கிடந்த நாட்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷத்தில் சில நாள் பந்தயம், அதற்கு முன் சில நாள் ஒத்திகை, இவை போக எஞ்சிய காலமெல்லாம் தார்ப்பாயின்கீழ் துயிலும் ஒரு வண்டியில், எஞ்சின் துயிலும், சக்கரம் துயிலும், பெட்ரோல்கூட ஒருவாறு துயிலும். துயிலாதது பாட்டரி ஒன்றே. பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளுள் சில, தீப்பொறிக்கு மாக்னீட்டோவை நம்பி, தள்ளி ஸ்டார்ட் செய்யப்பட்டதால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பின. தெருவிலும் ஓடி, பந்தயத்திலும் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அந்த விமோசனம் கிடைக்கவில்லை.

காரீயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் நிறுத்தி மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்று 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே கண்டதையும், 1881-இல் ஃபோர் என்பவர் தகட்டின்மேல் ஈயப் பசையை அப்பி அதன் கொள்ளளவைப் பெருக்கியதையும், 1912-இல் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் வண்டியில் ஏறியதோடு பாட்டரி மோட்டாரின் இன்றியமையாத உறுப்பாகிவிட்டதையும் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பும் வசதி நம் அம்பாஸடர் வண்டியில் வெகுகாலம் நீடித்திருந்ததால், பாட்டரி செத்தாலும் பிரயாணம் நிற்காது என்ற தைரியம் நம்மவர்களுக்கு இருந்தது. ஆனால் வேலையின்றி இருக்கும்போதும் பாட்டரிக்குள் ரஸாயன மாற்றம் நடந்துகொண்டேயிருக்கிறது. தகட்டுச் சட்டத்துக்கு உறுதி தருவதற்காகக் காரீயத்தோடு கலக்கும் ஆன்டிமனி, நாளடைவில் நேர்த்தகட்டிலிருந்து கரைந்து எதிர்த்தகட்டில் போய்ப் படிந்து, சேமித்த மின்சாரத்தைத் தானாகவே கசியச் செய்கிறது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறத்தாழ இருமடங்காகும். கசிந்து காலியான தகட்டில் ஈய சல்பேட் படிந்து, உடனே சார்ஜ் ஏற்றாவிட்டால் கெட்டியான படிகமாகி, பிறகு எந்த மின்சாரத்துக்கும் இளகாமல் நின்றுவிடுகிறது. ‘பிளேட் வெள்ளை பூத்துப் போச்சு’ என்று பாட்டரிக் கடைக்காரர் கையை விரிப்பது இதற்குத்தான். லண்டனில் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்தும் வசந்தத்தில் உயிர்த்தெழும் பாட்டரி, செங்கற்பட்டுக் கத்திரி வெயிலில் இரண்டு மாதம் கிடந்தால் பிணமாவதன் ரகசியமும் இதுவே.

இந்த வித்தியாசத்தைப் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தவர்கள் நமது பாட்டரிக் கடைக்காரர்கள். ரெயில்வே ஜங்ஷனை ஒட்டிய ஒரு சந்தில் என் இளமையில் நான் அடிக்கடி போய் நின்ற கடை ஒன்று இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வாசலில் மரப்பலகையின்மேல் பத்துப் பன்னிரண்டு பாட்டரிகள் ஒன்றோடொன்று கம்பியால் கோக்கப்பட்டு, ஒரே சரமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். திறந்த மூடிகளின் வழியே சிறு குமிழிகள் எழும் ஓசை, உலை கொதிக்கத் தொடங்கும் ஓசையைப்போல் மெல்லக் கேட்கும். கடைக்காரர் வேட்டியில் திராவகம் தெறித்த இடமெல்லாம் சல்லடைக் கண்கள். அவர் கையில் கண்ணாடிக் குழலும் ரப்பர்க் குமிழும் கொண்ட ஹைட்ரோமீட்டர். ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு மிடறு திராவகத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

சீமையிலிருந்து வரும் கையேடுகள் முழுச் சார்ஜ் ஏறிய பாட்டரியின் திராவகம் 1280 காட்ட வேண்டும் என்று விதித்தன. நம் கடைக்காரரோ 1240, மிஞ்சினால் 1250-க்கு மேல் கலக்கமாட்டார். குளிர் தேசத்தில் திராவகம் உறையாமலிருக்கவும், குளிரில் குன்றும் சக்தியை ஈடுகட்டவும் காரம் மிகுதியாக வேண்டும். உறைவதென்பதே கதையில் கேட்கும் நம் ஊரில், அந்த அதிகக் காரம் தகட்டையும் தகடுகளுக்கிடையே நிற்கும் மரச்சீவலையும் தின்று தீர்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. இதிலே இன்னொரு சூட்சுமமும் உண்டு. காரம் குறைந்த திராவகம் ஊற்றிய பாட்டரி முழுதும் நிறைந்திருக்கும்போதும் மீட்டரில் 12.5 வோல்ட் அளவே காட்டும், 12.7 காட்டவில்லையே என்று கையேட்டைப் பார்த்துக் கவலைப்பட்டு, மேலும் மேலும் சார்ஜ் ஏற்றி நல்ல பாட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்ற படித்தவர்களை நான் அறிவேன்.

இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்நாளில் ஸ்போர்ட்ஸ் காருக்குரிய அளவில் பாட்டரி கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்தியாவில் பாட்டரி செய்ய 1947-இல் கல்கத்தாவில் பதிவாகி, பின்னாளில் எக்ஸைட் என்ற பெயரால் ஊரறிந்த கம்பெனி முதலியவை இருந்தாலும், அவை நாட்டில் ஓடும் பொதுவான வண்டிகளுக்கே பெரிதும் பாட்டரி செய்தன. இரண்டு ஆறு வோல்ட் பாட்டரிகளை ஆசனங்களுக்குப் பின்னால், தரைக்கடியில், கைகூடப் போகாத ஒரு பொந்தில் தொடராக இணைத்து வைத்த எம்.ஜி.பி. போன்ற வண்டியை வைத்திருந்தவர் என்ன செய்வார்? பழைய எபனைட் பெட்டியையே கடைக்குக் கொண்டுவருவார். கடைக்காரர் மேலே பூசிய தாரைச் சூடுகாட்டி இளக்கி, தகட்டுக் கொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல் உருவியெடுத்து, புதுத் தகடும் புதுச் சீவலும் செருகி, ஈயத்தை உருக்கி இணைப்பு வார்த்து, மறுபடி தார் பூசி, இரண்டு மூன்று நாள் மெதுவாக முதல் சார்ஜ் ஏற்றித் தருவார். அந்தக் கைவித்தையை நான் வியந்து சொல்கிறேனேயொழிய, ஈயப்புகை சூழ்ந்த அந்தச் சந்தில் குழந்தைகளும் விளையாடிக்கொண்டிருந்தன என்பதை மறக்கவில்லை. பழைய பாட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெறவேண்டுமென்று 2001-இல் சர்க்கார் விதி செய்தது தாமதமான நன்மை என்றே என் அபிப்பிராயம்.

“ஓடுற வண்டிக்காரன் என்கிட்ட மூணு வருஷத்துக்கு ஒருக்காதான் வருவான் தம்பி. நிக்கிற வண்டிதான் எனக்குச் சோறு போடுது” என்பார் அவர். என் தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர் அப்படிச் சோறு போட்டவர். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடம்போடு பிணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாத ஒரு பட்டறைப் பையன் இந்நாளைய வழக்கப்படி எதிர்முனையை உடம்பில் மாட்டிவிட, ரேடியோவிலிருந்து எழுந்த புகையைச் சிநேகிதர் பல வருஷம் சொல்லிச் சொல்லி வருந்தினார். அது முதல், வண்டியை நிறுத்தியதும் பாட்டரியைக் கழற்றிவிடுவதும், கழற்றிய முனைக்குச் சிவப்பு நூல் கட்டுவதும் அவருக்கு நித்திய நியமமாயிற்று. கழற்றிய பாட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று அவர் பலகை தேடுவார். பெட்டி மரத்தாலான பழங்காலத்தில் ஈரம் வழியே மின்சாரம் கசிந்தது மெய். எபனைட்டும் பிளாஸ்டிக்கும் வந்தபின் தரை ஒரு பாவமும் அறியாது.

இந்த ஜில்லாவுக்கு ஸ்போர்ட்ஸ் காரோடு இன்னொரு பந்தமும் உண்டு. வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில், 1948-இல் அமைந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன்புற மூடி முழுவதையும் முன்னோக்கிச் சாய்த்துத் திறக்கும் அந்தக் குடும்பத்து வண்டிகளில், பாட்டரி எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னிருக்கும் தகட்டுச் சுவரின்மேல் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏற்றிப் பொங்கிய திராவகம் அந்தத் தட்டைத் தின்று, துரு துளையாகி, மழைநீர் ஓட்டுபவரின் பாதத்தில் சொட்டும். பழைய ஹெரால்டு வாங்கப் போகிறவர் முதலில் பாட்டரியைத் தூக்கி அடியில் பார்க்கவேண்டும் என்பது அறிந்தோர் வழக்கு. வண்டியைத் துருவிலிருந்து காப்பதற்கும் பாட்டரியைப் பேணுவதற்கும் இடையே அவர்கள் வேற்றுமை பாராட்டியதில்லை.

கடற்கரைக்கு வந்தால் துருவுக்குக் கேட்கவே வேண்டாம். கேளம்பாக்கத்து உப்பளங்கள் மின்னும் வெளியையும், கடலிலிருந்து ஓயாமல் வீசும் ஈரக் காற்றையும் அறிந்தவர்க்கு, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள் ஊறிய உப்பைத் தொல்பொருள் இலாகாவினர் நனைத்த காகிதக் கூழை அப்பி உறிஞ்சியெடுக்க வேண்டியிருப்பது ஆச்சரியமாகாது. கருங்கல்லுக்கே அந்தக் கதியென்றால் பாட்டரி முனையின் ஈயமும் செம்பும் எம்மாத்திரம்! பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் அந்தப் பூவை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி, ஈரம் போகத் துடைத்து, இறுக்கி மாட்டியபின் மேலே வாஸ்லின் தடவுவது கோவளத்தில் மாதக் கடமை. அதே வேலை செங்கற்பட்டு நகரத்துக்குள் வருஷத்துக்கு இரண்டு முறை போதும்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரைச்சலோடு பறக்கும் வண்டிகள், மற்ற ஆறு நாளும், சில சமயம் ஆறு வாரமும், மதிலுக்குப் பின்னால் நிற்பவைதாம். ஹெரால்டு நின்றால் கடியாரம் ஒன்றுதான் மின்சாரம் குடிக்கும்; அதுவும் இருந்தால். இவையோ திருட்டு எச்சரிக்கை, பூட்டு, கணிப்பொறி என்று விழித்திருந்து, 50 மில்லி ஆம்பியர் குடித்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதி 25 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே இத்தகைய வண்டிக்கு, கசிவு குறைந்த கால்சியத் தகடும் திராவகத்தைக் கண்ணாடிப் பஞ்சில் உறிஞ்சி வைத்த அமைப்பும் கொண்ட ஏ.ஜி.எம். வகையை, பெட்டியின்மேல் பொறித்த தயாரிப்பு மாதத்தைப் பார்த்துப் புதிதாகவே வாங்கி, வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் சிறு சார்ஜரில் மாட்டிவைப்பதே உசிதம். லிதியம் பாட்டரியையும் சிலர் நாடுகிறார்கள். போர்ஷே கம்பெனி 2010-இல் அதை விருப்பப்படி வாங்கும் உறுப்பாக விற்றபோது, சாதாரணப் பாட்டரியைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்ததைப் பெருமையாகச் சொல்லி, குளிர்காலத்துக்கென்று ஒரு ஈயப் பாட்டரியையும் கூடவே கொடுத்தது! நமக்குக் குளிர் பயமில்லை. ஆனால் முழுச் சார்ஜோடு வெயில் கொட்டகையில் கிடப்பது லிதியத்துக்கும் ஆயுளைக் குறைக்கும்.

போன மாசியில் கோவளத்துக்குத் தெற்கே ஒரு தோட்ட வீட்டில் அப்படியொரு வண்டியைப் பார்க்கச் சென்றிருந்தேன். நான்கு வருஷத்தில் மூன்றாவது பாட்டரி என்றார் காவலாளி. “தவறாம ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றேன் சார். முதலாளி சொல்லிட்டுப் போனது” என்று அவர் சொன்னதில் பொய்யில்லை, அந்தப் பத்து நிமிஷந்தான் வினை. ஸ்டார்ட்டர் இழுத்ததைக்கூட, ஏ.சி.யும் விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த அவகாசத்தில் ஆல்டர்னேட்டர் திருப்பித் தருவது சந்தேகம். பாட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறைவதற்கோ மணிக்கணக்கில் மெல்லிய மின்சாரம் வேண்டும். மீட்டர் 12.1 காட்டிற்று. இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, காலையில் சதுரங்கப்பட்டினம் வரை போய்த் திரும்பினோம். திரும்பியபின், பழக்க தோஷத்தால், சந்துக் கடைக்காரர் என்றோ எனக்குக் கொடுத்த ஹைட்ரோமீட்டரைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு குனிந்தேன். பாட்டரியின் தலை வழவழப்பாக, ஒரே பலகையாக இருந்தது. திருகித் திறக்க ஆறு மூடிகளில் ஒன்றுகூட இல்லை. “என்ன சார் தேடுறீங்க?” என்றார் காவலாளி.