‘தெரியலை’ என்ற சொல்: ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தின் முடிவை மறுபடி வாசித்தல்

போங் ஜூன்-ஹோ இயக்கி 2003இல் வெளிவந்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ என்ற கொரியப் படம் ஒரு முகத்தோடு முடிகிறது. முன்னாள் துப்பறிவாளன் பார்க் டூ-மான் இப்போது ஜூஸ் மிஷின் விற்கிறான். பல வருஷம் முன்பு முதல் பிணம் கிடந்த வயலோரம் வண்டியை நிறுத்தி, மூடிபோட்ட வாய்க்காலுக்குள் குனிந்து பார்க்கிறான். உள்ளே ஒன்றுமில்லை. வரப்பில் வந்த பள்ளிச் சிறுமி, கொஞ்ச நாள் முன்பு இன்னொரு மாமாவும் இப்படித்தான் எட்டிப் பார்த்தார் என்கிறாள். எதற்கு என்று அவள் கேட்டாளாம். ரொம்ப நாளைக்கு முன்னால் இங்கே ஒரு காரியம் செய்தேன், அது ஞாபகம் வந்தது என்றானாம். முகம் எப்படி இருந்தது? சாதாரண முகம். பார்க் திரும்பி நேராகக் காமிராவைப் பார்க்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பார்வை யாருக்கானது என்பதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் விவாதம். இரண்டு வாசிப்புகள் வழக்கில் உள்ளன. ஒன்று, இயக்குநரே சொல்லிவந்தது: கொலைகாரன் வெளியே எங்கோ இருக்கிறான், இந்தப் படத்தைப் பார்க்க வருவான், துப்பறிவாளன் அவன் கண்ணுக்குள் பார்க்கட்டும். மற்றது விமர்சகர்களுடையது: சாதாரண முகம் என்றால் அது நம் ஒவ்வொருவருடைய முகமும்தான், வன்முறை நமக்குள்ளேயே இருக்கிறது. முதலாவது வாசிப்பை வரலாறு 2019இல் தீர்த்துவைத்தது. இரண்டாவது கேட்க ஆழமாக இருக்கிறது, ஆனால் எல்லோரையும் குற்றவாளியாக்கி யாரையும் பொறுப்பாக்காமல் விட்டுவிடுகிறது. மூன்றாவதாக ஒரு வாசிப்பு தேவைப்படுகிறது என்பது என் கருத்து. அதற்குப் படப்பிரதியைவிட்டு வெளியேறி, அதன் பின்னாலுள்ள வழக்குக்குள் போகவேண்டும்.

1986 செப்டம்பருக்கும் 1991 ஏப்ரலுக்கும் இடையில், சோல் நகருக்குத் தெற்கே கியோங்கி மாகாணத்தின் ஹ்வாசோங் வட்டாரத்தில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். முதலில் கொல்லப்பட்டவர் எழுபதைத் தாண்டிய மூதாட்டி. பதின்மூன்று வயதுச் சிறுமியும் இந்தப் பத்துப் பேரில் உண்டு. இருபதாயிரம் பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். போலீசுக்கு முன்னாலிருந்த நாட்டின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1979 டிசம்பர் ராணுவக் கலகத்தின் வழியாக வந்து, 1980 மே மாதம் குவாங்ஜுவில் மக்களைச் சுட்டுக்கொன்ற சுன் டூ-ஹ்வான் ஆட்சி. 1986 ஜூனில், தொழிலாளர்களிடையே வேலை செய்த குவோன் இன்-சுக் என்ற மாணவியைப் புச்சோன் போலீஸ் நிலையத்தில் ஒரு துப்பறிவாளன் பாலியல் சித்திரவதை செய்தான். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற மாணவர் தண்ணீரில் முக்கியெடுத்துச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். மேசையைத் தட்டினோம், பொத்தென்று விழுந்துவிட்டான் என்கிற மாதிரி போலீஸ் விளக்கம் சொன்னது. அந்த வருஷம் ஜூன் மாதப் பேரெழுச்சிக்கு இந்த மரணம் ஒரு பொறி.

படம் இதையெல்லாம் பின்னணித் திரைச்சீலையாக வைத்திருக்கவில்லை, கதைக்குள்ளேயே கோத்திருக்கிறது. சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் புச்சோன் சித்திரவதைச் செய்தி ஓடும்போதுதான் ‘உதைக்கிற’ போலீஸ்காரன் சோ ஆத்திரத்தில் கடையைத் துவம்சம் செய்கிறான். கொலை நடக்கப்போகிற ராத்திரி, காவலுக்குப் படை கேட்டால் இல்லை என்று பதில் வருகிறது. ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்களாம். சைரன் ஊதுகிறது. ஒத்திகை இருட்டடிப்புக்காக ஊர் முழுக்க விளக்கை அணைத்துக் கதவை இறக்குகிறது. அந்த இருட்டில்தான் பள்ளிச் சிறுமி கொல்லப்படுகிறாள். கொலைகாரனுக்கு வேண்டிய இருட்டை அரசே தயார்செய்து கொடுக்கிறது. குடிமக்களை எதிரியாகப் பார்த்துப் பழகிய எந்திரத்துக்கு அவர்களைக் காப்பாற்றத் தெரிவதில்லை.

இவ்வளவையும் சொல்லி, தப்பெல்லாம் சர்வாதிகாரத்துடையது, ஜனநாயகம் வந்ததும் சரியாகிவிட்டது என்று முடிக்க வசதியாகத்தான் இருக்கும். படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அங்கேதான் போய் நிற்கிறது. அப்படி நிற்க முடியாமல் செய்வது படத்தில் இல்லாத எட்டாவது கொலை.

1988 செப்டம்பர் 16. மறுநாள் சோல் ஒலிம்பிக் தொடக்கம். பதின்மூன்று வயதுச் சிறுமி தன் வீட்டில், தன் அறையிலேயே கொல்லப்பட்டாள். மற்ற கொலைகளைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல் கொலை என்று போலீஸ் இதைத் தனியாகப் பிரித்தது. 1989 ஜூலையில் ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். வயது இருபத்திரண்டு. விவசாயக் கருவிகள் பழுதுபார்க்கும் தொழிலாளி. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் ஊனம். மூன்று நாள் தூங்கவிடாமல் வைத்தபின் ஒப்புதல் வாக்குமூலம் வந்தது. சுவரேறிக் குதித்து உள்ளே போனதாகக் கதை எழுதப்பட்டது. அந்தக் கால் அந்தச் சுவரை எப்படி ஏறியது என்று யாரும் நின்று கேட்கவில்லை. ஆயுள் தண்டனை. அடிச்சுத்தான் ஒத்துக்க வச்சாங்க என்று மேல்முறையீட்டில் அவர் சொன்னது எடுபடவில்லை. 2009இல் பரோலில் வெளியே வரும்போது ஏறத்தாழ இருபது வருஷம் போயிருந்தது.

வருஷத்தைக் கவனிக்க வேண்டும்: 1989. ஜூன் எழுச்சி முடிந்து, நேரடித் தேர்தல் நடந்து, புதிய அரசியல் சட்டமும் வந்த பிறகு. தெருவில் ஜனநாயகம் வந்துவிட்டது. விசாரணை அறைக்குள் அது போய்ச் சேரவில்லை. சோ துணியுறை மாட்டிய பூட்சால் உதைக்கிறானே, அந்தக் கால் 1987இல் நின்றுவிடவில்லை.

2019 செப்டம்பரில், பாதுகாத்து வைத்திருந்த தடயப் பொருட்களில் கிடைத்த மரபணு லீ சுன்-ஜே என்பவனோடு பொருந்தியது. தன் மைத்துனியைக் கொன்ற குற்றத்துக்காக 1994 முதலே அவன் சிறையில் இருந்தான். எட்டாவது கொலை உட்படப் பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டான். அந்தக் காலத்திலேயே அவனைப் போலீஸ் விசாரித்து அனுப்பியிருந்தது; அவர்கள் தேடியது ‘பி’ வகை இரத்தம், அவனுடையதோ ‘ஓ’. வழக்குத் தொடுப்பதற்கான பதினைந்து வருஷக் காலவரம்பு 2006இல் முடிந்துபோனதால் இக்கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க முடியாது. 2020 நவம்பரில், எட்டாவது வழக்கின் மறுவிசாரணையில் சாட்சியாக வந்து நின்றான். படத்தைச் சிறையில் பார்த்ததாகவும் அது தனக்குள் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னான். டிசம்பர் 17 அன்று சுவோன் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தொழிலாளியை நிரபராதி என்று அறிவித்தது. நீதித்துறையின் சார்பில் அவரிடம் மன்னிப்பும் கேட்டது.

ஆக, 2003இல் பார்க் டூ-மான் திரையிலிருந்து வெளியே பார்த்தபோது, கொலைகாரன் அரங்கில் இல்லை, சிறையில் இருந்தான். கொலை செய்யாத ஒருவரும் சிறையில்தான் இருந்தார். இரண்டு பேருக்கும் அரசு கொடுத்த பெயர் ஒன்றுதான்: கைதி.

இனி முடிவுக்குத் திரும்பலாம். 2019க்குப் பிறகு, புதிர் அவிழ்ந்தது, படத்தின் மயக்கம் தீர்ந்தது என்று பலரும் எழுதினார்கள். நான் இதை ஏற்கவில்லை. அந்த மயக்கத்தின் மையம் ‘யார் செய்தது?’ என்பதில் இல்லை. ரயில் குகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சோலிலிருந்து வந்த துப்பறிவாளன் சோ டே-யூன் படம் முழுக்க ‘காகிதம் பொய் சொல்லாது’ என்பவன். உள்ளூர்க்காரனான பார்க், ‘கண்ணைப் பார்த்தாலே சொல்லிடுவேன்’ என்பவன். அமெரிக்காவிலிருந்து வந்த மரபணு அறிக்கை, சந்தேகத்துக்குரிய பார்க் ஹியோன்-கியூ தான் செய்தான் என்று சொல்ல மறுக்கிறது. காகிதத்தை நம்பியவன் துப்பாக்கியைத் தூக்குகிறான். கண்ணை நம்பியவன் அவனைத் தடுத்துவிட்டு, இளைஞனின் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்த்து, தெரியலை என்கிறான். பிறகு, வேளாவேளைக்குச் சாப்பிடறியாடா என்று கேட்டு இருட்டுக்குள் போகவிடுகிறான்.

அந்தக் கணத்தில் பார்வையாளர்கள் யார் பக்கம் இருக்கிறோம்? வெளிப்படையாகச் சொன்னால் துப்பாக்கியின் பக்கம். சுடுறா என்றுதான் மனசு சொல்கிறது. அதுவரை ஊனமுற்ற பெக் குவாங்-ஹோவை உதைத்தபோதும், வயலில் போலிச் சுவடு பதித்தபோதும் சிரித்துக்கொண்டே பார்த்த நாம், ரயில் குகைக்கு வரும்போது எந்த அத்தாட்சியும் கேட்காத கூட்டமாகிவிட்டிருக்கிறோம். அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் பிழைத்துவந்த ஒரு போலீஸ்காரன் வாயிலிருந்து ‘தெரியலை’ வருவதுதான் இப்படத்தின் ஒரே அறச்செயல். அச்சொல் இல்லாததால்தான் இன்னொருவருக்கு இருபது வருஷம் போயிற்று.

காகிதம் பொய் சொல்லாது என்பதும் நிலைக்கவில்லை. எட்டாவது வழக்கில் அடியோடு விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது. மயிரிலுள்ள உலோகங்களை நியூட்ரான் கதிர்வீச்சால் அளக்கும் சோதனையைக் காட்டித்தான் தண்டனை வாங்கினார்கள். அந்த அறிக்கை பிழையானது என்று 2020 தீர்ப்பு சொன்னது. எனவே ‘பின்தங்கிய போலீஸ், நவீனத் தடயவியல் வந்தால் சரியாகும்’ என்ற கதையாடலும் உடைகிறது. தேவைப்படும் விடையை முன்கூட்டியே வைத்திருக்கும் அதிகாரத்துக்குப் பூட்சும் ஆய்வுக்கூடமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் படத்தில் உண்மையைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பெண்கள். மழைநாளில் வானொலியில் கேட்ட பாட்டுக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பைக் கவனித்தது பெண் போலீஸ். அவன் கை மிருதுவாக இருந்தது என்று சொன்னது தப்பிப் பிழைத்த பெண். கடைசியில் அவன் முகத்தைப் பார்த்தது வரப்பில் நின்ற சிறுமி. ஆண்களின் ஆரவாரமான தோல்விக்குப் படம் ஒதுக்கிய நேரத்தில் சிறுபகுதிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது படத்தின் குறைதான். ஆனாலும் கடைசிச் சாட்சியத்தை அது சிறுமியிடம் கொடுத்திருக்கிறது. அவள் சொன்னது கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்றவனின் அதிகாரம் முழுவதையும் இல்லாமலாக்குகிறது: கொலைகாரனுக்கென்று தனி முகம் கிடையாது.

அப்படியானால், கொலைகாரன் மாதிரியே இருக்கிறான் என்று யாரையெல்லாம் பிடித்தோம்? பார்க்கின் கண்ணில் பொங்கிவருவது இந்தக் கேள்வியாகத்தான் இருக்க முடியும். அது கொலைகாரனைத் தேடும் பார்வை அல்ல. தப்பான ஆளைத் தந்தாலும் சரி, யாரையாவது தா என்று போலீசைக் கேட்ட ஊரை, அதாவது சீக்கிரம் முடிவு வேண்டும் என்று இருக்கையில் துடித்துக்கொண்டிருந்த நம்மை, அது பார்க்கிறது. கொலைகாரன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டான். அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும். பதில் சொல்லவேண்டியது நாம்.